முட்டி ஆபரேஷன்ல சிமெண்ட் போடணுமா வேணாமா? எலும்பு தானா வந்து பிடிச்சுக்கிற விஷயம்

பெரியப்பாவுக்கு முட்டி மாத்தணும்னு முடிவான அன்னிக்கு நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் டேபிள் டிராயரத் திறந்து ரெண்டு உலோகத் தட்டை எடுத்து முன்னால வச்சார், ரெண்டும் உள்ளங்கைல பாதிதான் இருக்கும், நடுவுல ஒரு சின்னத் தண்டு கீழ நீட்டிட்டு இருக்கு. மேல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி. திருப்பிப் போட்டா ஒண்ணோட அடிப்பக்கம் சாதாரணமா இருக்கு, இன்னொண்ணு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு விரல்ல ஒட்டிப் பிடிக்குது. பெரியப்பா அதை ரெண்டு தடவை தேய்ச்சுப் பார்த்துட்டு, "சிமெண்ட் இல்லாம இது எப்படிங்க நிக்கும்?"னு கேட்டார். "உங்க எலும்பே வந்து பிடிச்சுக்கும்"னார் டாக்டர், அவ்ளோதான், அடுத்த பேஷண்ட் உள்ள வந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சது பஞ்சாயத்து. சித்தப்பா சொல்றார் சிமெண்ட் போடாததுதான் லேட்டஸ்ட், ஆயுசுக்கும் வரும்னு. அத்தை சொல்றாங்க சிமெண்ட் போட்டாதான் கெட்டி, இல்லன்னா ஆடும்னு. ரெண்டு பேரும் அடிச்சுச் சொல்றாங்க, ரெண்டு பேரும் ஒரு பக்கம்கூட படிக்கல. சரின்னு நான் உக்காந்து படிச்சேன், படிச்சதை என்னை மாதிரி மருத்துவம் தெரியாதவங்களுக்குப் புரியற மாதிரி எழுதறேன்.

முதல்ல முட்டில என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். தொடை எலும்போட கீழ்முனையும் கீழ்க்கால் எலும்போட மேல்முனையும் சேர்ற இடம்தான் முட்டி, முன்னால மூடி மாதிரி சில்லு எலும்பு. எலும்பு முனைகள் மேல வழவழன்னு ஒரு குருத்தெலும்புப் படலம் இருக்கும், சில மில்லிமீட்டர்தான் தடிமன். அது தேய்ஞ்சு கிழிஞ்சு போறதைத்தான் மூட்டுத் தேய்மானம்னு சொல்றோம், ஆனா வெறும் தேய்மானம் மட்டும் இல்ல, மூட்டுக்குள்ள அழற்சி வரும், ஓரத்துல எலும்பு முள்ளு முள்ளா வளரும், கால் வளைய ஆரம்பிக்கும். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால போனது போனதுதான், திரும்ப வளராது. உடற்பயிற்சி, எடை குறைக்கறது, வலி மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தும் ராத்திரி தூங்க முடியல, நாலு வீடு தள்ளி நடக்க முடியலங்கிற கட்டத்துலதான் ஆபரேஷன் பேச்சு வரணும்.

முட்டி மாத்தறதுன்னு சொன்னாலும் முட்டியவே கழட்டி வேற வைக்கறது இல்ல. கெட்டுப்போன மேற்பரப்ப ஒரு சென்டிமீட்டருக்கு முன்னப்பின்ன சீவி எடுத்துட்டு தொப்பி போடற மாதிரிதான். தொடை எலும்புக்கு வளைவான உலோகத் தொப்பி, பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் கலவை. கீழ்க்கால் எலும்பு மேல ஒரு தட்டு, பல நேரம் டைட்டானியம் கலவை. ரெண்டுக்கும் நடுவுல பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் துண்டு, புது குருத்தெலும்பு மாதிரி வழுக்கிக் குடுக்க. சில பேருக்கு சில்லு எலும்புக்குப் பின்னாடியும் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் வைப்பாங்க.

இப்ப கேள்வி, இந்த உலோகம் எலும்போட எப்படி ஒட்டும்?

வழக்கமான வழி சிமெண்ட். பேர் கேட்டு வீடு கட்டற சிமெண்ட்னு நினைச்சுடாதீங்க, அது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்ங்கிற அக்ரிலிக், பல் செட்டு செய்யற பொருளோட குடும்பம். ஒரு பொடி ஒரு திரவம், ஆபரேஷன் தியேட்டர்லயே கலப்பாங்க, மூக்கைத் துளைக்கிற வாடை அடிக்கும், கொஞ்ச நேரத்துல பிசைஞ்ச மாவு பதத்துக்கு வரும், அந்தப் பதத்துல எலும்பு மேல அப்பி இம்ப்ளான்ட்ட அழுத்திப் பிடிச்சா பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல சூடாகி கல்லா இறுகிடும். இங்கிலாந்துல ஜான் சார்ன்லி 1950கள் கடைசில இடுப்பு மூட்டுக்கு இதைக் கொண்டு வந்தார், அங்கிருந்து முட்டிக்கும் வந்துச்சு. ஒரு விஷயம் கவனிக்கணும், இது பசை கிடையாது. பஞ்சு மாதிரி இருக்கிற எலும்போட ஓட்டைகளுக்குள்ள சில மில்லிமீட்டர் போய் இறுகிப் பிடிச்சுக்கும், சுவர்ல டைல்ஸ் பதிக்கறப்போ பின்னாடி அப்பற கலவை மாதிரி. இடைவெளிய நிரப்பிப் பிடிக்கறதுதான் அதோட வேலை.

இதோட பெரிய ப்ளஸ், ஆபரேஷன் முடிஞ்ச நிமிஷத்துலயே முழு உறுதி. எலும்பு கொஞ்சம் மென்மையா இருந்தாலும், அறுத்த மேற்பரப்பு அங்கங்க மேடு பள்ளமா இருந்தாலும் சிமெண்ட் அதை நிரப்பிச் சமாளிச்சுடும். ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டும் உண்டு, அது கொஞ்சம் கொஞ்சமா மருந்தை வெளிய விடும். மைனஸ் என்னன்னா அது உயிரில்லாத பொருள். ஒரு மனுஷன் வருஷத்துக்கு ஒரு கால்ல கிட்டத்தட்ட பத்து லட்சம் அடி எடுத்து வைக்கறான், சாதாரண நடைலயே முட்டில உடம்பு எடையைவிட ரெண்டு மூணு மடங்கு பாரம் இறங்குது, படி ஏறினா இன்னும் மேல. இருபது வருஷம் இந்த அடி வாங்கினா சிமெண்ட்ல நுண்ணிய விரிசல் விழலாம், எலும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவுல பிரியலாம். விரிசல் விட்டா தானா ஆறாது, அதுதான் பிரச்சனை. எலும்பு அப்படி இல்ல, அடி வாங்கினாலும் தன்னைத் தானே புதுப்பிச்சுட்டே இருக்கும்.

சிமெண்ட் இல்லாத முறையோட மொத்த யோசனையும் இந்த ஒரு வரிதான், புதுப்பிச்சுக்கற எலும்பையே பிடிமானமா வச்சுக்கலாமேன்னு. இதுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரானெமார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1950கள்ல முயல் எலும்புக்குள்ள டைட்டானியம் கருவி வச்சு ரத்த ஓட்டத்தைப் பார்த்துட்டு இருந்தார், வேலை முடிஞ்சு கழட்டப் போனா கழட்ட வரல, எலும்பு அதோட ஒட்டி வளர்ந்துடுச்சு. அதுலருந்து 1965ல பல் இம்ப்ளான்ட் வந்துச்சு. டைட்டானியத்தை எலும்பு அந்நியமா நினைக்கறது இல்லங்கிறதுதான் அங்க கிடைச்ச பாடம், அதே பாடம்தான் இந்த முட்டிலயும் வேலை செய்யுது.

அந்த சொரசொரப்பு இப்ப புரியும். உருப்பெருக்கில பார்த்தா அது பவளப்பாறை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், ஒவ்வொரு ஓட்டையும் சில நூறு மைக்ரான். ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. எலும்பு செல்லும் ரத்தக் குழாயும் உள்ள நுழையணும்னா ரொம்பச் சின்ன ஓட்டையும் உதவாது, ரொம்பப் பெருசா இருந்தாலும் நிரம்பாது. சிலதுல எலும்புல இருக்கிற அதே தாது, ஹைட்ராக்ஸி அபடைட், மேல பூசியிருக்கும், எலும்பை வா வான்னு கூப்பிடற மாதிரி. முன்னாடி சின்னச் சின்ன உலோக மணிகளை மேல சூட்டுல ஒட்ட வைப்பாங்க, இப்ப 3டி பிரிண்டிங்ல பொடியை அடுக்கடுக்கா உருக்கி தட்டையும் ஓட்டைப் பரப்பையும் ஒரே துண்டா செஞ்சுடறாங்க, தனியா உரிஞ்சு வர்ற பயம் குறைஞ்சுது.

டாக்டர் எலும்பை இம்ப்ளான்ட் அளவைவிட ஒரு இழை இறுக்கமா அறுத்து, சுத்தியல் வச்சுத் தட்டி ஏத்துவார், மரத்துல முளை அடிக்கற மாதிரி. முதல் நாள் பிடிமானம் இந்த இறுக்கம் மட்டும்தான். அப்புறம் எலும்பு முறிஞ்சு ஆறும்போது என்ன நடக்குமோ அதேதான் இங்கயும், ரத்தக் கட்டு, இளம் எலும்பு, பிறகு கெட்டி எலும்பு. ஆறு வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள நல்ல பிடி வந்துடும், முழுசா முதிர ஒரு வருஷம்கூட ஆகும்.

இங்க ஒரு சூட்சுமம் இருக்கு, மொத்த விஷயமும் இதுலதான் நிக்குதுன்னு எனக்குத் தோணுது. இந்த ஆரம்ப வாரங்கள்ல இம்ப்ளான்ட் எலும்பு மேல எவ்வளவு அசையுதுங்கிறதுதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு அடிக்கும் அசைவு 50 மைக்ரான் அளவுக்குள்ள இருந்தா எலும்பு உள்ள வளரும். 150 மைக்ரானைத் தாண்டினா எலும்பு வராது, அதுக்குப் பதிலா நார்த்திசு வந்து நிரம்பிடும், தழும்பு மாதிரி ஒரு மெத்தை. அந்த மெத்தை மேல உக்காந்த இம்ப்ளான்ட் ஆடும், வலிக்கும், கடைசில திரும்ப ஆபரேஷன். ஒரு தலைமுடி தடிமன் 70 மைக்ரான் வாக்குல இருக்கும்னு வச்சுக்கோங்க, அப்ப முடியைவிட மெல்லிசா ஒரு அசைவுக்கும் ரெண்டு முடி தடிமன் அசைவுக்கும் நடுவுலதான் ஜெயிக்கறதும் தோக்கறதும். அதனாலதான் எலும்பு தரமும் அறுக்கற துல்லியமும் இதுல அவ்வளவு முக்கியம், சிமெண்ட் மாதிரி தப்பை மூடி மறைக்க இங்க ஒண்ணும் இல்ல.

சித்தப்பா சொன்ன மாதிரி இது லேட்டஸ்ட்டும் கிடையாது. 1980கள்லயே சிமெண்ட் இல்லாத முட்டி போட்டாங்க, நிறைய போட்டாங்க, நல்லா அடியும் வாங்கினாங்க. ஆனா தோத்ததுல பெரும்பங்கு யோசனையோட தப்பு இல்ல, சாமானோட தப்பு. சில்லு எலும்புக்கு உலோக முதுகு வச்ச பொத்தான் போட்டாங்க, அதுல பிளாஸ்டிக் மெல்லிசாகித் தேய்ஞ்சு உலோகமும் உலோகமும் உரசிச்சு. கீழ்த்தட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்கினாங்க, தேய்ஞ்ச பிளாஸ்டிக் துகள் அந்த ஸ்க்ரூ ஓட்டை வழியாவே எலும்புக்குள்ள இறங்கி எலும்பை அரிச்சுது. அப்போதைய பிளாஸ்டிக்கும் சுமார், காத்துப் படற மாதிரி வச்சு காமா கதிர் அடிச்சு ஸ்டெரிலைஸ் பண்ணினதுல ஆக்ஸிஜன் ஏறி நாளடைவுல நொறுங்கற தன்மை வந்துடும். தட்டோட அடில ஓட்டைப் பரப்பும் திட்டுத் திட்டாத்தான் இருந்துச்சு. இத்தனையும் சேர்ந்து "சிமெண்ட் இல்லன்னா ஆடும்"னு ஒரு பேர் வந்துச்சு, அத்தை சொல்றது அந்தக் காலத்துப் பேரு.

சரி, ரிசல்ட்டுக்கு வருவோம், எல்லாரும் கேக்கறது அதைத்தான். ரிசல்ட்னா என்னன்னு முதல்ல பிரிச்சுக்கணும், ஏன்னா ரெண்டு வேற வேற விஷயத்தை ஒண்ணாப் போட்டு குழப்பிக்கறோம். ஒண்ணு, ஆளுக்கு வலி போச்சா, நடக்க முடியுதா. இன்னொண்ணு, இம்ப்ளான்ட் எத்தனை வருஷம் தாங்கும்.

முதல் கேள்விக்கு பேஷண்ட்டையே கேட்டு மார்க் போடற முறைகள் இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு முட்டி ஸ்கோர்னு ஒண்ணு, 12 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 4, மொத்தம் 48. படி இறங்க முடியுதா, மண்டி போட்டு எழ முடியுதா, ராத்திரி வலி இருக்கா, முட்டி திடீர்னு மடங்கற மாதிரி இருக்கா, இப்படி. ரெண்டு முறையையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒப்பிட்ட ஆய்வுகள்ல ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு இந்த மாதிரி மார்க்கைப் பார்த்தா வித்தியாசம் பெருசா ஒண்ணும் இல்ல. பேஷண்ட்டோட கண்ணைக் கட்டிவிட்டு உனக்குள்ள சிமெண்ட் இருக்கா இல்லையான்னு கேட்டா அவரால சொல்லவே முடியாது. ஆரம்ப சில வாரங்கள்ல சிமெண்ட் இல்லாதவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வலி இருக்கலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது, சிலதுல அதுவும் இல்ல, போகப் போக ரெண்டும் ஒண்ணாகிடுது.

தென் கொரியால செஞ்ச ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 55 வயசுக்குக் கீழ இருக்கிற 80 பேர், ரெண்டு முட்டியும் மாத்த வேண்டியவங்க, ஒரு கால்ல சிமெண்ட் போட்டு இன்னொரு கால்ல போடாம வச்சாங்க. அதே ஆளு, அதே எடை, அதே நடை, ஒப்பிட இதைவிட நேர்மையான வழி இல்ல. 16 வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்தும் ரெண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்துச்சு. இங்கிலாந்துல 500 முட்டி வச்சு 2007ல வந்த இன்னொரு ஆய்வுல 15 வருஷ முடிவு, அங்கயும் ஒண்ணு இன்னொண்ணை ஜெயிச்சதுன்னு சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டேங்கறாங்க. முட்டி மாத்தினவங்கள்ல சுமார் அஞ்சுல ஒருத்தர் முழு திருப்தி இல்லன்னுதான் சொல்றாங்க. எக்ஸ்-ரே அழகா இருக்கும், இம்ப்ளான்ட் கெட்டியா இருக்கும், ஆனா ஆளு முகம் சுளிப்பாரு. இந்தக் கணக்கு சிமெண்ட் எடுத்ததால மாறினதா தெரியல, ஏன்னா அந்த அதிருப்திக்குக் காரணம் பெரும்பாலும் பிடிமானம் இல்ல, தசைநார் பேலன்ஸ், முன்னாடியே இருந்த வலியோட தன்மை, ஆபரேஷன் முன்னால இருந்த எதிர்பார்ப்பு, இப்படிப் போகுது. சிமெண்ட் இல்லாத முட்டின்னா இயற்கையா இருக்கும்னு விளம்பரம் பார்த்தீங்கன்னா கொஞ்சம் நிதானமா யோசிங்க.

ரெண்டாவது கேள்வி, எத்தனை வருஷம். இதுக்கு ரெஜிஸ்ட்ரிகள்தான் ஆதாரம், அதாவது நாட்டுல நடக்கற ஒவ்வொரு மூட்டு ஆபரேஷனையும் பதிஞ்சு, திரும்ப ஆபரேஷன் ஆச்சான்னு வருஷக்கணக்கா பார்க்கற பதிவேடு. ஸ்வீடன் 1975லயே முட்டிக்கு ஆரம்பிச்சுது, ஆஸ்திரேலியா 1999, இங்கிலாந்து வேல்ஸ் 2003. பொதுவா முழு முட்டி மாத்தினதுல 25 வருஷத்துக்கு அப்புறமும் சுமார் 82 சதவீதம் தாங்குதுன்னு 2019ல லான்செட் இதழ்ல வந்த கணக்கு. தாங்குதுன்னா என்ன அர்த்தம்னு கவனிக்கணும், திரும்ப ஆபரேஷன் பண்ணலன்னு மட்டும்தான் அர்த்தம், வலி இல்லன்னு அர்த்தம் இல்ல.

அப்புறம் வயசு. 2017ல அதே இதழ்ல வந்த இன்னொரு கணக்கு, 70 வயசுக்கு மேல மாத்திக்கறவங்களுக்கு மிச்ச வாழ்நாள்ல திரும்ப ஆபரேஷன் வர்ற வாய்ப்பு சுமார் 5 சதவீதம். அதுவே 50 வயசு ஆரம்பத்துல இருக்கிற ஆண்களுக்கு 35 சதவீதம் வரைக்கும். ஏன்னு யோசிக்கவே வேணாம், அவங்க இன்னும் முப்பது வருஷம் நடக்கணும், வேலைக்குப் போகணும், ஓடியாடணும். சிமெண்ட் இல்லாத முறை மேல இப்ப இவ்வளவு ஆர்வம் வர்றதுக்குக் காரணமே இந்த இளவயசுக் கூட்டம்தான். வயசானவங்களுக்கு சிமெண்டே ஆயுசைத் தாண்டி நிக்கும், அங்க புதுசா ஜெயிக்க பெருசா ஒண்ணும் மிச்சம் இல்ல.

ரெஜிஸ்ட்ரில சிமெண்டையும் சிமெண்ட் இல்லாததையும் மொத்தமா எடுத்து ஒப்பிட்டா சிமெண்ட் ஒரு இழை முன்னாலயோ இல்ல சமமாவோ நிக்கும். ஆனா அந்த மொத்தத்துக்குள்ள எண்பதுகள் பாணி டிசைனும் இருக்கு நேத்து வந்த 3டி பிரிண்ட்டும் இருக்கு, எல்லாத்தையும் ஒரே கூடைல போட்டு எடை பார்த்தா என்ன தெரியும்? மாடலுக்கு மாடல் பார்த்தா சில சிமெண்ட் இல்லாத மாடல் சிமெண்ட்டுக்கு நிகரா, சில இடத்துல மேலயும் இருக்கு. அதனால "சிமெண்ட் இல்லாதது எப்படி"ங்கிற கேள்வியைவிட "இந்த மாடல் எப்படி, எத்தனை வருஷ ரிக்கார்டு இருக்கு"ங்கிறது நல்ல கேள்வி. புது 3டி பிரிண்ட் மாடலுக்கெல்லாம் 20 வருஷ ரிக்கார்டு இருக்கவே முடியாது, ஏன்னா அதுக்கு இன்னும் 20 வயசு ஆகல. ஆயுசுக்கும் வரும்னு யாராவது சத்தியம் பண்ணினா எந்த வருஷத்துல வந்த மாடல்னு மட்டும் கேளுங்க, போதும்.

பாதி முட்டி மாத்தறதுல, அதாவது உள்பக்கம் மட்டும் தேய்ஞ்சவங்களுக்கு அந்தப் பக்கம் மட்டும் மாத்தறதுல, கதை இன்னும் தெளிவா இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு டிசைன்ல சிமெண்ட் இல்லாத வகை 2004ல வந்துச்சு, பிரிட்டிஷ் ரெஜிஸ்ட்ரில ஒரே மாதிரி ஆட்களை ஜோடி சேர்த்து ஒப்பிட்டப்போ திரும்ப ஆபரேஷன் சிமெண்ட் இல்லாததுல குறைவா வந்துச்சு, பிடி விட்டுப்போய் வர்றது நல்லாவே குறைஞ்சுது. ஆனா அதுலயே இன்னொண்ணு கூடுச்சு, ஆரம்ப நாட்கள்ல தட்டுக்குக் கீழ எலும்பு முறியறது. எண்ணிக்கை சின்னதுதான், ஆனா இறுக்கமா தட்டி ஏத்தறதுக்கு எலும்பு குடுக்கற விலை அது.

இந்தக் கணக்கு எனக்கு எல்லாத்தையும் விளக்கிடுச்சு. சிமெண்ட்ல ஆபத்து கடைசில, இருபது வருஷம் கழிச்சு மெதுவா வர்றது. சிமெண்ட் இல்லாததுல ஆபத்து முதல் வருஷத்துலயே, எலும்பு பிடிக்குமா பிடிக்காதாங்கிற அந்த சில மாசம், அதைத் தாண்டிட்டா அப்புறம் பிடிமானம் உயிரோட இருக்கு.

இதைக் கண்ணால பார்க்கவே ஒரு வழி இருக்கு. ஸ்வீடன்ல 1970கள்ல கண்டுபிடிச்சது, ஆர்எஸ்ஏன்னு சொல்வாங்க. ஆபரேஷன் பண்ணும்போதே எலும்புக்குள்ள ஒரு மில்லிமீட்டர் அளவு டான்டலம் உலோக மணிகளைத் தூவிடுவாங்க, அப்புறம் ரெண்டு கோணத்துல ஒரே நேரம் எக்ஸ்-ரே எடுத்து, மணியை வச்சு இம்ப்ளான்ட் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு அளவுக்குக்கூட கணக்குப் போடுவாங்க. இதுல தெரிஞ்சது, சிமெண்ட் போட்டது ஆரம்பத்துல ரொம்பக் கொஞ்சமாத்தான் நகருது. சிமெண்ட் போடாதது முதல் மூணு மாசத்துல கொஞ்சம் அமுங்குது, மெத்தைல உக்காந்தா அமுங்கற மாதிரி, அப்புறம் எலும்பு பிடிச்சதும் அப்படியே நின்னுடுது. பயப்பட வேண்டியது முதல் அமுங்கலைப் பார்த்து இல்ல, அது நிக்காம போனாத்தான். ஒண்ணாம் வருஷத்துக்கும் ரெண்டாம் வருஷத்துக்கும் நடுவுல 0.2 மில்லிமீட்டருக்கு மேல நகர்ந்தா பின்னாடி ஆடப்போகுதுன்னு அர்த்தம்னு 1995லயே கணக்குச் சொல்லிட்டாங்க. சாதாரண பேஷண்ட்டுக்கு இதெல்லாம் பண்ண மாட்டாங்க, ஆராய்ச்சிக்கு மட்டும்தான்.

அப்ப யாருக்கு ஒத்து வரும்? எலும்பு நல்லா இருக்கணும், அதுதான் முதல் கண்டிஷன், வயசு ரெண்டாவது. 68 வயசுல திடமான எலும்பு உள்ளவர் இருப்பார், 52 வயசுல ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு எலும்பு உதிர்ந்து போனவங்களும் இருப்பாங்க. எலும்புப்புரை அதிகமா இருக்கிறவங்க, எலும்புல பெரிய பள்ளம் விழுந்தவங்க, அந்த இடத்துல கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவங்க, இவங்களுக்கு சிமெண்ட்தான் பாதுகாப்புன்னு பெரும்பாலான டாக்டருங்க நினைக்கறாங்க. புகை பிடிக்கறதும் எலும்பு வளர்றதைத் தடுக்கும். உடம்பு எடை ரொம்ப அதிகம் உள்ளவங்க விஷயம் கொஞ்சம் எதிர்பாராதது, கனமான ஆளுக்கு சிமெண்ட்தான் நல்லதுன்னு நாம நினைப்போம், ஆனா அந்த பாரம் சிமெண்ட் பிடியை சீக்கிரம் அசைச்சுடுது, சிமெண்ட் இல்லாததுல நல்லா தாங்கறதா சில ஆய்வுகள் காட்டுது.

சின்னச் சின்ன லாப நஷ்டமும் இருக்கு. சிமெண்ட் இறுகற நேரம் மிச்சம், அதனால ஆபரேஷன் கொஞ்சம் சீக்கிரம் முடியும். பிதுங்கின சிமெண்ட் துணுக்கு மூட்டுக்குள்ள மாட்டிக்கற தொல்லை இல்ல. பின்னாடி எப்பவாவது கழட்ட வேண்டி வந்தா சிமெண்டை நோண்டி எடுக்கற வேலை இல்ல, ஆனா எலும்பு நல்லா பிடிச்சிருந்தா தட்டை அறுத்துத்தான் எடுக்கணும், அதுவும் லேசு இல்ல. இம்ப்ளான்ட் விலை பொதுவா கூடத்தான் இருக்கும். தொற்று விஷயத்துல எது மேலன்னு சண்டை ஓயல, கிருமி வந்துட்டா ரெண்டும் போச்சு.

ஆபரேஷன் முடிஞ்சு நடக்கறது பத்தி நிறைய பேருக்குப் பயம், எலும்பு பிடிக்கற வரைக்கும் கால் ஊனக் கூடாதோன்னு. ஒரு காலத்துல அப்படித்தான் ஜாக்கிரதையா வச்சிருந்தாங்க. இப்பல்லாம் ரெண்டு முறைலயும் அன்னிக்கோ மறுநாளோ வாக்கர் பிடிச்சு நடக்க வைக்கறாங்க, உங்க டாக்டர் வேற சொன்னா அதைக் கேளுங்க, அவர்தான் உங்க எலும்பைக் கண்ணால பார்த்தவர். இன்னொரு பீதி எக்ஸ்-ரே ரிப்போர்ட்ல வரும், தட்டுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கருப்புக் கோடு தெரியுதுன்னு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கோடு, அகலமாகாம அப்படியே இருந்தா பெரும்பாலும் ஒண்ணும் இல்ல. அடுத்தடுத்த எக்ஸ்-ரேல அது வளர்ந்துட்டே போச்சுன்னாலோ, நல்லா இருந்த முட்டில முதல் அடி எடுத்து வைக்கும்போது புதுசா சுருக்குன்னு வலி வந்தாலோ அப்ப போய்க் காட்டணும்.

பெரியப்பா கதைய முடிச்சுடறேன். ஆபரேஷன் அன்னிக்கு டாக்டர் ரெண்டு செட்டும் தயாரா வச்சுட்டுத்தான் உள்ள போனார். கீழ்க்கால் எலும்பை அறுத்ததும் கட்டை விரலால அழுத்திப் பார்ப்பாங்களாம், விரல் அமுங்கி உள்ள போனா சிமெண்ட், அமுங்காம எதிர்த்து நின்னா சிமெண்ட் இல்லாம போகலாம். ஸ்கேன் மெஷின் எல்லாம் வந்த காலத்துல கடைசி தீர்ப்பு கட்டை விரல்ல இருக்குன்னா ஆச்சரியமாத்தான் இருக்கு. பெரியப்பாவுக்கு உள்பக்கம் கல்லு மாதிரி, வெளிப்பக்கம் அமுங்கிச்சு. வளைஞ்ச கால்ல இது சகஜமாம், பாரம் இறங்கின பக்கம் எலும்பு இறுகிடும், பாரம் படாத பக்கம் தளர்ந்துடும். அதனால தொடை எலும்புல சிமெண்ட் இல்லாத தொப்பி, கீழ்க்கால் எலும்புல சிமெண்ட் போட்ட தட்டு. இதுக்கு ஹைப்ரிட்னு பேராம், புதுசும் இல்ல, ரொம்ப நாளா பண்றதுதான், பிரச்சனை அதிகம் வர்றது கீழ்த்தட்டுலதான்ங்கிறதால.

வார்டுக்கு வந்ததும் விவரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காலையே பார்த்துட்டு இருந்தவர், "அப்ப உங்க சித்தப்பனும் அத்தையும் ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டாங்களா?"ன்னார். அப்புறம் வாக்கரைக் கிட்ட இழுக்கச் சொன்னார்.